கோமேதகம் இல்லை

கண்டனூர் பஸ்ஸில் வந்த வேர்வையோடு
வெள்ளையப்பன் மோதிரத்தை மேசையில் வைத்தார்.
உட்காரவில்லை.
"அடகுக் கடைக்காரன் கத்தியால் கீறினான்.
கோடு விழுந்துருச்சு. போலியாம்.
அப்பச்சி பலாங்கொடையில் கடை வச்சிருந்தப்ப
கடனுக்கு ஈடா வந்தது. போலியா இருக்காது."

கெட்டியான தேன் நிறம்.
கண்ணாடிப் பளபளப்பில் தொடங்கி
ஓரத்தில் பிசினாக மங்கியது.
விரலைத் தொடும்படி அடி திறந்த கட்டு.
ராகுவுக்காக.

காரைக்குடியில் இந்த ஆய்வுக்கூடத்துக்கு
நான் வந்து பதினாறு வருஷம்.
கை பழகிய வரிசையில்தான் செய்வேன்:
முதலில் உரைகல் தட்டு.
வெள்ளைப் பீங்கானில் இழுத்தேன்.
வெளிறிய ஆரஞ்சுக் கோடு.
தூளை ஊதினேன்.

ஊதியிருக்கக் கூடாது.

அப்போது தெரியாது.
கல்லைக் கழற்றி நூலில் கட்டித்
தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன்.
கோமேதகம் மூன்றரை காட்டும்,
கொஞ்சம் கூடக் காட்டும்.
இது ஐந்தைத் தாண்டியது.
மறுபடி நிறுத்தேன். தாண்டியது.
இத்தனை கனம், கத்திக்குப் பணிகிற மென்மை,
இரண்டும் ஒரே கல்லில்.

கட்டுக்குள் மறைந்திருந்த அடிப்பாகத்தை
எவரும் பட்டை தீட்டவில்லை.
லென்ஸில் பார்த்தால்
சதுரத் தூண், அதன் மேல் குட்டிக் கோபுரம்.
ஸிர்க்கானின் முகவெட்டு.
ஆனால் முனைவாக்கிய ஒளியில்
எப்படிச் சுழற்றினாலும் இருட்டு.
வெளியே படிகத்தின் சட்டை,
உள்ளே அணுக்கள் போட்டது போட்டபடி.
வெளியாள் யாரும் உடைக்கவில்லை.
தன் உள்ளிருந்தே எறிந்த கல்லில்
தானே நொறுங்கிய வீடு.

எழுந்து போய்
அலமாரியின் மேல்தட்டிலிருந்து
கைகர் கருவியை எடுத்தேன்.
வழக்கமாக அது சோம்பேறி.
கல்லூரி வாசற்படிக் கருங்கல்லுக்கு மட்டும்
கொஞ்சம் வாய் திறக்கும்.
மோதிரக் கல்லின் பக்கம் கொண்டுபோனதும்
எண்ணெயில் விழுந்த கடுகு.

வெள்ளையப்பன் ஒரு அடி பின்னால் போனார்.
நான் குழாயடிக்குப் போனேன்.
சோப்பு, தண்ணீர், மறுபடி சோப்பு.
ஈரத் துணியால் மேசை.
பதினாறு வருஷம்.
முதலில் இந்தக் கருவி, அப்புறம்தான் உரைகல்.
மாணவர்களுக்கு நானே சொல்வது.

மாலைக்குள் நிறமாலை வந்தது.
வலது கோடியில் தனியாக ஒரு முகடு,
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு.
தோரியத்தின் கையெழுத்து.
சிலிகாவோடு சேர்ந்த தோரியம்: தோரைட்டு.
அவருக்குப் புரியும்படி
"கல் போலியில்லை, பெயர்தான் தப்பு" என்றேன்.

கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தவர்.
"எத்தனை நாளைக்கு இப்படிப் பொரியும்?"
"பாதி குறைய ஆயிரத்து நானூறு கோடி வருஷம்.
அப்புறம் மிச்சத்தில் பாதி குறைய
இன்னொரு ஆயிரத்து நானூறு கோடி."
"அசல் மட்டும் கழியுற கடன்.
வட்டி எங்க போகுது?"
பொரிகிற கருவியைக் காட்டினேன்.
"கடைசியா என்னதான் நிக்கும்?"
"ஈயம்."
அவர் சிரித்தார். சத்தமில்லாமல்,
தோள் மட்டும் குலுங்க.

இருபத்திரண்டு வருஷம் நடுவிரலில் போட்டிருந்தாராம்.
சில கதிர்கள் தோலோடு நின்றுவிடும்,
சில நிற்காது,
எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது,
டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.
அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வெயில் படாத ஒரு வெளுப்பு வளையம்.
வேறொன்றும் இல்லை.

"ராகு?" என்றார் கிளம்பும்போது.
அதற்கு இங்கே கருவி இல்லை.

கல்லை ஈயப் பெட்டியில் போட்டு
மாதிரி எண் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
துறைத்தலைவருக்குக் கடிதம் நாளைக்கு.
கல் போன மோதிரத்தை அவர்
அதே விரலில் மாட்டிக்கொண்டு போனார்,
நடுவில் ஓட்டையோடு.

விளக்கை அணைக்குமுன்
கருவியை என் உள்ளங்கைக்குக் காட்டினேன்.
ஒரு நிமிஷம். இருபத்தெட்டு.
இந்த ஊரின் சாதாரணம்.
உதட்டுக்கும் காட்டினேன்.
இன்னொரு நிமிஷம் எண்ணினேன்.